பேத்தை வெட்டிய கத்தி

பழைய நீலப் புடவைக் கிழிசலில் சுற்றி, மேலே சணல் கட்டி, ஒரு மஞ்சள் பையில் போட்டு அதை என் மடியில் வைத்தாள் என் ஓரகத்தியின் மகள். "பெரிம்மா, அம்மா பொட்டியில அடியில இருந்துச்சு. இது பெரிம்மாவோடது, அவுங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லியிருந்துச்சு" என்றாள். பிரிப்பதற்கு முன்பே தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. உள்ளே ஒரு சாண் நீளம்கூட இல்லாத கத்தி. புளிய மரத்துப் பிடி. அந்தப் பிடியில் என் கட்டைவிரல் அழுந்தி அழுந்தித் தேய்ந்த பள்ளம். கத்தியைப் பார்த்து அடையாளம் தெரிவதற்குள் கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கத்தி உப்பங்கழியின் அடியில் சேற்றில் கிடக்கிறது என்றுதான் முப்பது வருஷத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கடலூரில் என் மகன் கட்டிய வீட்டில், நான் படுக்கிற அறையின் ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. மகன் துபாயில் இருக்கிறான். மருமகள் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் வந்தால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். மீன் வேண்டுமென்றால் போனில் சொல்லிவிடுகிறாள். செதில் எடுத்து, வெட்டி, கழுவி, பையில் போட்டு ஓர் ஆள் கேட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். அதனால் இந்த வீட்டில் கத்திக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேரும்தான் இருக்கிறோம்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள், நான் பெரியவள். வயதில் அவள் என்னைவிட ஆறு மாதம் மூத்தவள். ஆனால் நான் மூத்த மகனைக் கட்டிக்கொண்டு முதலில் வந்ததால் அவள்தான் என்னை அக்கா என்று கூப்பிட்டாள். கடைசி வரைக்கும் கூப்பிட்டாள். அவளுக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம். அவர்கள் வீட்டுக் கொல்லையில் கத்திரியும் மிளகாயும் போட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கடிதம் வந்தால் வாசலில் நின்று உரக்கப் படிப்பாள், மாமியார் வாய் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை மீன்.

நான் பிறந்தது கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கினார். சின்னதிலேயே மீன் தரம் பிரிக்கிற பெண்களோடு உட்கார்ந்துவிட்டேன். வலையிலிருந்து கொட்டுகிற குவியலில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் நான் படித்த படிப்பு. கெளுத்தி, முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள்ளை விறைத்து நிறுத்திக்கொள்ளும். செத்த பிறகும் மடக்காது. குத்தினால் தோள் வரைக்கும் கடுக்கும். திருக்கைக்கு முள் வாலில். அது யாரையும் தேடிப்போய்க் குத்தாது. மணலுக்குள் உடம்பைப் புதைத்துக் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். மிதித்துவிட்டால்தான் வாலை வீசும். அந்த விஷத்துக்குச் சூடு ஆகாது, பொறுக்கிற வெந்நீரில் காலை வைத்தால் வலி இறங்கும். அதற்காகவே கரையில் ஓர் அடுப்பில் எப்போதும் தண்ணீர் சுட்டுக்கொண்டிருக்கும். சொறி என்கிற நுங்கு மாதிரியான ஜென்மம் கரை ஒதுங்கிச் செத்துக் கிடக்கும், அப்போதும் தொட்டவன் தோலைச் சுட்டுவிடும். கடல் பாம்பின் விஷம் நல்ல பாம்பையும் மிஞ்சும் என்பார்கள். ஆனால் மனிதனைச் சட்டென்று கடிக்காது. சாப்பாட்டுக்கு மீன் பிடிக்க வைத்திருக்கிற விஷத்தை நம்மேல் எதற்கு வீணாக்கப்போகிறது? நெருக்கிப் பிடித்தால்தான் கடிக்கும். கடிபட்டுப் போனவர்களும் உண்டு.

இதெல்லாம் கொடுக்கிற விஷம். கொடுப்பதற்கு முள் இருக்கும், பல் இருக்கும். பேத்தை மீனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கையில் எடுத்தால் தண்ணீரையோ காற்றையோ விழுங்கிப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு பல்லை நறநறவென்று கடிக்கும். அதன் வீரம் அவ்வளவுதான். விஷத்தை ஈரலிலும் தோலிலும் குடலிலும் பத்திரமாக வைத்திருக்கும். முட்டை கட்டிய பெட்டையாக இருந்தால் முட்டையில்தான் ஜாஸ்தி. பெற்றவள் பிள்ளைகளுக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறாள். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் அசையாது. தின்றவனுக்குத்தான் அது தெரியவரும். அப்போது பேத்தை செத்து, வெந்து, குழம்பாகியிருக்கும். பழி வாங்கினோம் என்று சந்தோஷப்படக்கூட அதற்குக் கொடுப்பினை இல்லை.

அதைத் தின்பார்களா என்று கேட்பீர்கள். தின்றோம். இன்றைக்கு யாராவது தின்னப்போனால் கையைத் தட்டிவிடுவேன். அன்றைக்குத் தின்றோம். ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் கரையில் வேறு மீன் இருக்காது. கழியில் பேத்தை மட்டும் கிடைக்கும். எங்கள் பக்கத்துப் பெண்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் அதை வெட்டத் தெரியும், அவர்களில் நான் ஒருத்தி. அதற்குத் தனிக் கத்தி, வேறு மீனில் படக்கூடாது. முட்டை உடைந்து சதையில் பட்டுவிட்டால், ஒரு நூல் அளவு பட்டாலும், மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வழக்கம் உண்டு. குழம்பு இறக்கியதும் வெட்டினவள்தான் அதில் ஒரு பொட்டு எடுத்துத் தன் கீழுதட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சோறு வடித்த கஞ்சி ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உதடு விறுவிறுத்தால் சட்டியோடு குழிக்குப் போகும். விறுவிறுக்காவிட்டால் மற்றவர்கள் சாப்பிடலாம். கை யாருடையதோ உதடும் அவளுடையதுதான். நடுவில் ஆள் மாற்றக்கூடாது.

கிள்ளையில் வாழ்க்கைப்பட்டபோது இந்தக் கத்தியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அவர்கள் வீடு நிலபுலம் உள்ள வீடு. மழைக்காலத்தில் மட்டும் கழியில் வலை போடுவார்கள். பேத்தை வலையில் வந்தால் எடுத்து எறிந்துவிடுவார்கள். அந்த வீட்டுக்கு அந்தக் குழம்பைக் கொண்டுவந்தது நான்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாமியாருக்கு அதன் ருசி பிடித்துப்போயிற்று. நான் பேத்தை வெட்டுகிறேன் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி நின்று பார்ப்பார்கள். கடிதம் படிக்கிற சின்னவளும் அவர்களோடு நின்றுதான் பார்க்க வேண்டும். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஐப்பசியில் ஒரு வாரமாக மழை விடவில்லை. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் காலையில் கழிக்குப் போய் ஐந்தாறு பேத்தையோடு வந்தார்கள். வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெட்டினேன். மாமியார், இரண்டு ஆண்கள், பக்கத்து வீட்டுக்காரி, எல்லாரும் இருந்தார்கள். நான்காவது மீனை உரித்துக்கொண்டிருக்கும்போது சின்னவள் குனிந்து பார்த்து, "அக்கா, அந்தத் துண்டுல மஞ்சளா நாராட்டம் ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குது பாருங்க, முட்டையா அது?" என்றாள்.

அவள் குரலில் ஒரு குற்றமும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. "கத்திரிக்கா கொல்லையில பொறந்தவ எனக்குப் பேத்தை காட்டறா, பாருங்க அத்தே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "அண்ணி கையில கத்தி இருக்குது, பாத்துப் பேசு" என்றான் கொழுந்தன். என் வீட்டுக்காரர், "ஸ்ரீமுஷ்ணத்து மீனுக்குக் காம்பு இருக்கும், அதத்தான் தேடுது" என்று சொல்ல, மாமியார் சிரித்துச் சிரித்து இருமினார். சின்னவளும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் போன பிறகு குனிந்து பார்த்தேன். நார் இருந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். உடைந்து சதையில் பட்டிருந்தது. கொட்ட வேண்டும். கொட்டினால் அவள் சொன்னது சரி என்றாகிவிடும், அத்தனை பேர் சிரித்த பிறகு. கத்தி முனையால் அதைச் சுண்டி எறிந்தேன். இரண்டு தண்ணீர் கூடுதலாகக் கழுவினேன். சட்டியில் போட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது. யாரையும் கொல்ல நினைக்கவில்லை. ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

குழம்பு இறக்கியதும் உதட்டில் வைக்க வேண்டியவள் நான். விரலைக் கொண்டுபோனேன். பயமாக இருந்தது. அந்தப் பயத்தையும் மறைக்க வேண்டுமே, விரலைத் துடைத்துவிட்டு, "சந்தேகம் உனக்குத்தானே சின்னவளே? நீயே வச்சிப் பாரு" என்றேன். மற்றவர்களுக்கு அது கேலியாகத்தான் பட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். "அக்கா கை பட்டதுக்குச் சந்தேகம் என்னா?" என்று சொல்லி, உதட்டில் வைப்பதற்குப் பதிலாகத் தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய், மூன்று வாய் தின்றுவிட்டாள். என்னைச் சமாதானப்படுத்தத் தின்றாள். அவள் கையைத் தட்டிவிட்டிருக்கலாம், தட்டவில்லை.

கஞ்சி ஆடை கட்டுவதற்கு முன்பே, "அக்கா, உதடு என்னோடது மாரி இல்ல" என்றாள். பிறகு நாக்கு தடித்தது, விரல் நுனி மரத்தது. வாந்தி எடுத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தவள் கால் மடிந்து விழுந்தாள். ஒரு வேனைப் பிடித்துச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகும்போது பேச்சு நின்றுவிட்டது. என் மடியில்தான் தலை. கண் திறந்தபடி இருந்தது, இமை ஆடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சும் இல்லாத மாதிரி இருந்தது.

டாக்டர் தொண்டைக்குள் ஒரு குழாயை விட்டு அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டினார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, விஷம் தானாக இறங்க வேண்டும், அது வரைக்கும் மூச்சை நாம் கொடுத்துக்கொண்டிருந்தால் பிழைப்பாள் என்றார். அப்போது மூச்சு கொடுக்கிற மிஷின் எல்லாருக்கும் கிடைக்காது. பையைக் கையால் அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் மார்பு மேலே வரும், விட்டால் இறங்கும். நர்ஸ் என் கையைப் பிடித்துக் கணக்கைக் காட்டிக்கொடுத்தார். நானும் கொழுந்தனும் மாறி மாறி அழுத்தினோம். காலையில் அவளைச் சாவு வரைக்கும் கொண்டுபோன கை, மாலையில் அவள் மூச்சாக இருந்தது. விரல் மரத்துப்போனாலும் நான் கொழுந்தனிடம் சீக்கிரம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை கொழுந்தன் டீ வாங்கப் போனான். வெளியே நல்ல மழை. கண் காய்ந்துபோகாமல் இருக்க நர்ஸ் அவள் கண்மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தார். கூப்பிட்டால் முகத்தில் ஒரு மாற்றம் இல்லை, கிள்ளினால் விரல் அசையவில்லை. உயிர் கூட்டை விட்டுப் போய்விட்டது, நான் வெறும் உடம்புக்குக் காற்று அடிக்கிறேன் என்றே நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வாய் வந்தது. "சின்னவளே, நீ சொன்னதுதான் சரி. நார் இருந்துச்சி. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சுண்டிவுட்டேன். நீ எந்திரிச்சி வந்துடுடி. ரெண்டு செய்யறேன். அந்தக் கத்திய உன் கையில குடுத்துடறேன், இனிமே தொடமாட்டேன். எல்லாரையும் உக்கார வச்சி, தப்பு எம்மேலதான், சின்னவ சொன்னா நான் கேக்கலன்னு என் வாயால சொல்றேன்." சொல்லிவிட்டு அழுதேன். கை மட்டும் பையை விடவில்லை. அவள் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. நர்ஸ் பஞ்சை ஜாஸ்தி நனைத்துவிட்டார் என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். அதற்குள் கொழுந்தன் டீயோடு வந்துவிட்டான்.

அன்று மத்தியானம் அவள் சுண்டு விரல் அசைந்தது. சாயங்காலம் தானாக மூச்சு விட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் கொழுந்தனிடம் நின்று ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்தால் எல்லாரும் அவளைத்தான் திட்டினார்கள், செல்லமாக. "உதட்டுல வைக்கச் சொன்னா உருட்டி முழுங்கிட்டா, அவசரக்காரி" என்றார் மாமியார். பேத்தையில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், உதட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஊரும் சொன்னது. அவள் சொன்ன நாரை ஒருவரும் நினைக்கவில்லை. நான் வெட்டிய மீனில் நார் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. என் கெட்டிக்காரத்தனமே எனக்கு மறைப்பாக நின்றது. ஒரு வாரம் கழித்து அவள் தண்ணீர் எடுக்கப் போகும்போது கத்தியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதும் அதிகாரம் குறையவில்லை: "இந்தா, இந்தச் சனியனக் கழியில எறிஞ்சிட்டு வா." அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஒரு வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், அதுவும் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டாவதை நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன்.

நாளை என்று வைத்தது அப்படியே போயிற்று. வீட்டில் ஒரு விசேஷம் விடாமல் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுடைய பிள்ளைகளே அவளை அவசரக்காரி என்று கூப்பிட்டார்கள். அவள் பரிமாறிக்கொண்டே சிரிப்பாள். சிரித்துவிட்டு ஒரு தரம் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நான் இலையைப் பார்ப்பேன். அந்தப் பார்வைக்கு நான் வைத்திருந்த அர்த்தம் வேறு: என் கைக்குப் பழி வந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறாள் போலிருக்கிறது. நமக்கு வேண்டிய அர்த்தத்தை எங்கிருந்தெல்லாம் எடுத்துக்கொள்கிறோம்!

மாமியார் போனார். என் வீட்டுக்காரர் போனார். கொழுந்தனும் போனான். மகன் கட்டிய வீட்டுக்கு நான் கடலூர் வந்துவிட்டேன். சின்னவளுக்கு மூச்சு இரைப்பு வந்து படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போன மார்கழியில் பார்க்கப் போனேன். சிதம்பரத்தில் பஸ் மாறிக் கிள்ளை போய்ச் சேரும்போது பத்து மணி. கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். இளைத்து, பல் இல்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். அவள் மகன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான், மகள் சமையல்கட்டில் இருந்தாள்.

"கடலூர்ல மீனெல்லாம் எப்பிடிக்கா?" என்றாள்.

"வெட்டிக் கழுவிக் கேட்டுலயே குடுத்துடறாங்க."

"அப்ப உனக்குக் கஷ்டகாலம்தான். யார மெரட்டுவ?" என்று சிரித்தாள். இரைப்பு அடங்குகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, மெதுவாக, ஊர்க் கதை பேசுகிற மாதிரியே சொன்னாள்: "அக்கா, ரெண்டு சொன்ன. ஒண்ணு செஞ்ச."

"எதடி சொல்ற?"

"ஆஸ்பத்திரியில. பைய அமுக்கிக்கினு."

அவளே சொன்னாள்: "அந்த வெஷம் ஒடம்பத்தான் கட்டிப்போடும்க்கா, புத்தியத் தொடாது. டாக்டரு கூட அவுரு கிட்ட சொன்னாராமே. கண்ணச் சிமிட்ட முடியல, ஒரு வெரல ஆட்ட முடியல. ஆனா எல்லாம் கேட்டுச்சி. மழ பேஞ்சது கேட்டுச்சி. நர்சம்மா செருப்புச் சத்தம் கேட்டுச்சி. நீ சொன்னது, அழுதது, எல்லாம் கேட்டுச்சி. பதில் சொல்லணும்னு எவ்வளவோ பாத்தேன்."

"இத்தன வருஷமா ஏண்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். எனக்கு அது வரும். அவள் வெறுமனே சொன்னாள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் சொல்கிற மாதிரி. வாசலில் மகன் இருக்கிறான், உள்ளே மகள் இருக்கிறாள். கூப்பிட்டால் வந்து நிற்பார்கள். இரண்டு வார்த்தை. வாய் வரவில்லை. எழுபது வயதுக்கு மேல் அந்தப் பிள்ளைகள் முன்னால் எப்படி? "நேரமாச்சி, பஸ் போயிடும். அடுத்த வாரம் வர்றேன். வந்து எல்லாரையும் வச்சிக்கினு சொல்றேன்" என்றேன். "சரிக்கா. முழங்கால் வலியோட வர்ற, பாத்துப் போ" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேத்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். திருக்கை குத்திவிட்டுப் போய்விடும், அதோடு தீர்ந்தது. நான் குத்தவும் இல்லை. உள்ளேயே வைத்து, உப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். அடுத்த வாரம் முழங்கால் வீங்கிவிட்டது. அதற்கடுத்த வாரம் மருமகளுக்கு லீவு இல்லை. மூன்றாம் வாரம் கிள்ளையிலிருந்து போன் வந்தது.

கருமாதிக்குப் போனேன். சடங்கு முடிந்து, பந்தி முடிந்து, பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ அங்கேதான் வந்தது. அவள் மகன் தன் மச்சானுக்கு அந்தக் கதையைச் சொன்னான்: "உதட்டுல வைன்னா மூணு வாய் முழுங்கிடுச்சி மச்சான் எங்கம்மா. அப்பிடி ஒரு அவசரம்." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் எழுந்து நின்றேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். "உங்கம்மா அவசரக்காரி இல்ல. மீனுல முட்டை நார் இருந்துச்சி. அவ பாத்துச் சொன்னா. நான் கேக்கல. நானும் பாத்தேன், பாத்துட்டுக் கொட்டாம சமைச்சேன். உதட்டுல வைக்க வேண்டியவ நானு, அவள வைக்கச் சொன்னேன். தப்பு எம்மேலதான்" என்று உரக்கச் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை.

அவள் மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பெரிம்மா, அப்பிடிச் சொல்லாதீங்க. விடிய விடிய பைய அமுக்கி அம்மாவ எங்களுக்குக் குடுத்ததே நீங்கதான்" என்றாள். "பாத்தீங்களா மச்சான், செத்தவங்க மேல ஒரு சொல்லு விழக்கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கறாங்க. இந்தக் காலத்துல எந்த ஓரகத்தி இப்பிடி இருப்பா?" என்றான் மகன். பந்தலில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் மறுபடியும் சொல்லப்பார்த்தேன். "சரி பெரிம்மா, சரி, உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார்கள். அன்றைக்குத் தாழ்வாரத்தில் சிரித்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அவள் பார்த்த நாரைப் பார்த்த இரண்டாவது ஆள் நான்தான். நம்பக்கூடிய ஒரே ஆள் பதினாறு நாளைக்கு முன்னால் போய்விட்டாள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த மஞ்சள் பை என் மடிக்கு வந்தது.

வாயால் சொன்னதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் எழுத்துக் கூட்டி இதை எழுதி வைக்கிறேன். எழுதினால் தழுதழுக்காது, தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கவும் முடியாது.

இன்றைக்கும் மருமகள் வேலைக்குப் போன பிறகு கத்தியைப் பிரித்தேன். ஒரு புள்ளி துரு இல்லை. வருஷா வருஷம் எண்ணெய் தடவியிருக்கிறாள், ஒரு நாளும் எதையும் வெட்டவில்லை. அன்று காலையில் மழையில் உட்கார்ந்து அம்மியோரத்தில் நான் தீட்டிய கூர் அப்படியே இருக்கிறது. கிள்ளையிலிருந்து வந்ததிலிருந்து தினம் எடுத்துப் பார்க்கிறேன், மறுபடி சுற்றி வைக்கிறேன். இன்றைக்குச் சோறு வடித்துக் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கத்தியின் தட்டைப் பக்கத்தைக் கீழுதட்டில் வைத்துக்கொண்டேன். வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. இரும்பு குளிர்ந்தது, எண்ணெய் வாசனை அடித்தது. உதடு விறுவிறுக்கவில்லை. ஆனாலும் கஞ்சி ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் நான் கத்தியை எடுக்கவில்லை.